சீட்டுப் பணமும் குதிரைச் சாலையும்: காலனியக் கல்கத்தாவில் அதிர்ஷ்டம் யாருடைய உரிமை?

1. கேள்வி

கல்கத்தாவில் தெற்கே பார்க் தெருப் பக்கத்திலிருந்து வடக்கே ஷியாம்பஜார் வரை ஏறத்தாழ நேர்கோடாக ஒரு சாலை போகிறது. காலனியக் காலத்தில் அதன் பகுதிகளுக்கு வெல்லெஸ்லி தெரு, வெல்லிங்டன் தெரு, கல்லூரித் தெரு, கார்ன்வாலிஸ் தெரு என்று பெயர். வழியில் சதுக்கங்களும் அவற்றின் நடுவே குளங்களும் வெட்டப்பட்டன. இந்தச் சாலையைப் போட்டது 1817இல் அமைந்த லாட்டரிக் குழு. மக்கள் பரிசுச் சீட்டு வாங்கிய பணத்தின் ஒரு பங்கு கல்லாகவும் மண்ணாகவும் ஊருக்குள் இறங்கியது.

1897இல் அதே நகரத்தில் வங்காள அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் நோக்கம் மழைச் சூதை ஒழிப்பது. புர்ராபஜாரின் வணிகர்கள், குறித்த நேரத்துக்குள் கூரைத் தண்ணீர் தூம்பு வழியே வழியுமா வழியாதா என்று பணம் கட்டினார்கள், அதுவே குற்றமாயிற்று. அங்கிருந்து சிறிது தொலைவில், மைதானத்தில், குதிரைகளின் மேல் அதைவிடப் பெரிய தொகைகள் கட்டப்பட்டுவந்தன. அந்தச் சட்டம் அவற்றைத் தொடவில்லை.

லாட்டரி, குதிரைப் பந்தயம், மழைப் பந்தயம் மூன்றிலும் அடிப்படைச் செயல் ஒன்றுதான்: நடக்கப்போவது தெரியாத நிலையில் பணம் வைப்பது. ஒன்று நகர மேம்பாடாகவும் இன்னொன்று விளையாட்டாகவும் மூன்றாவது குற்றமாகவும் எவ்வாறு பிரிந்தன? அந்தப் பிரிவினையில் சாலைக்கும் கோச்சு வண்டிக்கும் பல்லக்குத் தூக்கிகளுக்கும் என்ன பங்கு? இக்கட்டுரை ஆராய முனைவது இதையே.

2. இதுவரை எழுதப்பட்டவை

இப்பொருள் பற்றிய எழுத்துகளை மூன்று வகைப்படுத்தலாம். முதல் வகை, ஆங்கிலேயர் எழுதிய பழைய கல்கத்தா வரலாறுகள். இவற்றில் லாட்டரி ஒரு நற்பணி, பந்தயம் ஒரு குளிர்காலக் கேளிக்கை, கோச்சு வண்டிப் பயணம் இடர்களோடு கூடிய சுவையான அனுபவம். தகவல் செறிந்தவை, ஆனால் வண்டியில் அமர்ந்தவரின் கண்ணிலிருந்தே எழுதப்பட்டவை.

இரண்டாம் வகை, நகர வரலாற்றாசிரியர்களின் ஆய்வுகள். லாட்டரிக் குழுவின் சாலைகளை இவர்கள் ஆட்சியின் கருவியாக வாசிக்கிறார்கள். நெரிசலான இந்தியக் குடியிருப்புகளை ஊடறுத்துக் காற்றும் கண்காணிப்பும் செல்ல வழி திறந்ததாகக் கொள்வது இவ்வாசிப்பின் சாரம். மேஜர் ஷால்க் தயாரித்த 1825ஆம் ஆண்டு வரைபடம் இதற்கு வலுவான சான்று. சாலை போடும் வேலையும் ஊரை அளந்து பதியும் வேலையும் ஒரே குழுவின் கீழ் நடந்ததை அது காட்டுகிறது.

மூன்றாவது, வணிகச் சட்ட வரலாறு. ரிது பிர்லா தமது ஆய்வில், காலனியச் சட்டம் இந்திய வணிகர்களின் ஊகவணிகத்தைச் 'சூது' என்று ஒதுக்கி, ஐரோப்பிய நிறுவன வடிவங்களை 'வணிகம்' என்று ஏற்ற வழிமுறைகளை விரிவாகக் காட்டியிருக்கிறார். மழைப் பந்தய வழக்குகள் அவருடைய முக்கியத் தரவுகளில் ஒன்று.

மூன்றும் பயனுள்ளவை. ஆனால் சாலையை எழுதுபவர் சட்டத்தைப் பார்ப்பதில்லை. சட்டத்தை எழுதுபவருக்குக் குதிரையின் லாயம் வரை போகத் தேவையிருப்பதில்லை. இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் பணம் எங்கே புறப்பட்டு எங்கே சேர்ந்தது என்பது புலப்படும் என்று கருதுகிறேன்.

3. தேவாலயம், நகர மண்டபம், தெரு

லாட்டரியால் பொதுக் கட்டடம் எழுப்புவது இங்கிலாந்தில் பழகிய வழி. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கும் 1753இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் நாடாளுமன்றமே லாட்டரியை அனுமதித்தது. கல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலயத்துக்கு ஷோபாபஜாரின் நவகிருஷ்ண தேவ் நிலம் கொடுத்தார். 1784இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடச் செலவுக்கு லாட்டரி நடத்திச் சுமார் 30,000 ரூபாய் திரட்டினார்கள். 1787இல் தேவாலயம் திறக்கப்பட்டது. இந்து நிலக்கிழாரின் கொடையும் பரிசுச் சீட்டுப் பணமும் சேர்ந்து எழுந்த ஆங்கிலத் திருச்சபைக் கட்டடம் அது. அன்றைய கல்கத்தாவில் பணமும் சமயமும் எவ்வளவு இயல்பாகக் கலந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. 1813இல் கர்னல் கார்ஸ்டின் கட்டி முடித்த நகர மண்டபத்துக்கும் லாட்டரி மூலமே சுமார் 7 லட்சம் ரூபாய் சேர்ந்தது.

இடையில் ஒரு திருப்பம். 1798இல் தலைமை ஆளுநராக வந்த வெல்லெஸ்லி குதிரைப் பந்தயத்தையும் அதையொட்டிய சூதையும் வெறுத்தவர்; அவரது எதிர்ப்பால் கல்கத்தாவில் பந்தயங்கள் சிலகாலம் நின்றுபோயின. ஆனால் நகரத்தின் சாலைகளையும் வடிகால்களையும் ஒரு திட்டத்தின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று 1803இல் குறிப்பெழுதி, நகர மேம்பாட்டுக் குழுவை ஏற்படுத்தியதும் அவர்தான். அவர் தொடங்கிய பணிக்குப் பிற்பாடு பணம் கொடுத்தது லாட்டரி. சூதை வெறுத்தவரின் பெயர் லாட்டரிச் சாலையொன்றுக்கே இடப்பட்டது. தனிமனிதரின் ஒழுக்கக் கொள்கையும் நிர்வாகத்தின் நிதித் தேவையும் வெவ்வேறு திசையில் போனபோது, நிதித் தேவையே நிலைத்தது என்பதற்கு இது முதல் சான்று.

1817 முதல் 1836 வரையான சுமார் இருபது ஆண்டுகளில் லாட்டரிக் குழு செய்த வேலை சிறிதல்ல. ஹூக்ளி ஆற்றோரமாக ஸ்ட்ராண்ட் சாலை, மேற்சொன்ன வடக்கு தெற்குப் பெருஞ்சாலை, கல்லூரிச் சதுக்கம், வெல்லிங்டன் சதுக்கம், கார்ன்வாலிஸ் சதுக்கம், இவற்றின் குளங்கள், இன்னும் பல குறுக்குத் தெருக்கள். நகராட்சி வரி போதுமான அளவு இல்லாத காலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் சீட்டு விற்பனை.

இங்கே கவனிக்க வேண்டியது, லாட்டரி வரிக்கு மாற்றாக இருந்த விதம். வரி போட்டால் செலுத்துபவர் கேள்வி கேட்பார், எங்கள் தெருவுக்கு என்ன செய்தீர்கள் என்பார். சீட்டு வாங்கியவர் பரிசை மட்டுமே எதிர்பார்க்கிறார்; பரிசு விழாதபோது நொந்துகொள்வது தன் அதிர்ஷ்டத்தைத்தான். பொறுப்புக் கேட்கும் உரிமையின்றிப் பொதுப்பணி நடத்துவதற்கு இதைவிட வசதியான நிதிமுறை இல்லை. பிரதிநிதித்துவம் இல்லாத ஒரு நகரத்தில் லாட்டரி இவ்வளவு காலம் நீடித்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் வாசிப்பு.

இங்கிலாந்தில் அரசு லாட்டரி 1826இல் முடிவுக்கு வந்தது. கல்கத்தாவில் அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் நடந்தது. தாய்நாட்டில் ஒழுக்கக்கேடு என்று கைவிடப்பட்டது காலனியில் தேவையாகத் தொடர்ந்தது. 1836இல் அது நின்றதற்கும் லண்டனின் கருத்தழுத்தமே காரணம். கல்கத்தா மக்களின் விருப்பு வெறுப்பு அதில் இடம்பெறவில்லை.

4. பல்லக்கு இறங்கிய சாலை

இந்தச் சாலைகளில் யார் போனார்கள்? பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் வசதியுள்ளோரின் அன்றாட ஊர்தி பல்லக்கு. தூக்கியவர்களில் பெரும்பாலோர் ஒரிய மொழி பேசிய உழைப்பாளிகள். குறுகலான சந்திலும் மழைச் சேற்றிலும் மனிதக் கால் போகும். வண்டிச் சக்கரம் போகாது. சாலை கெட்டிருந்தவரை தூக்கிகள் இன்றியமையாதவர்கள்.

நெடும்பயணத்திலும் இதே நிலைதான். தபால் அதிகாரிக்குச் சில நாட்கள் முன்பே தகவல் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். அவர் வழிநெடுக ஆட்களை நிறுத்திவைப்பார். ஒரு பல்லக்குக்கு எட்டுத் தூக்கிகள், நால்வர் மாற்றி நால்வர். தீப்பந்தம் பிடிப்பவர், மூட்டைகளைக் காவடியில் சுமப்பவர் தனி. ஏறத்தாழ பத்து மைலுக்கு ஒருமுறை முழுக்குழுவும் மாறும். பயணி படுத்துறங்குவார், இரவெல்லாம் மனிதத் தோள்கள் ஓடும். ஆங்கிலேயர் எழுதிய பயணக் குறிப்புகளில் தூக்கிகளின் முனகல் பாட்டைப் பற்றிய வர்ணனைகள் நிறைய உண்டு. அவர்களுடைய கூலிக் கணக்கைப் பற்றி அந்த அளவு இல்லை.

1827இல் கல்கத்தா நிர்வாகம் பல்லக்குத் தூக்கிகளை ஒழுங்குக்குள் கொண்டுவர முனைந்தது. அவர்கள் பதிவு செய்துகொண்டு வில்லை அணிய வேண்டும், நிர்ணயித்த கட்டணமே வாங்க வேண்டும் என்று விதிகள் வந்தன. தூக்கிகள் மறுத்து, மைதானத்தில் கூடி, வேலையை நிறுத்தினார்கள். பலர் ஊர் திரும்பினார்கள். இந்தியாவில் பதிவான மிகப் பழைய தொழிலாளர் வேலைநிறுத்தங்களில் இது ஒன்று. இந்திய உழைப்பாளர் வரலாறு பெரும்பாலும் ஆலைகளிலிருந்து தொடங்கி எழுதப்படுவதால், இந்த மனிதர்கள் அதன் முதல் பக்கத்தில் இடம்பெறாமல் போய்விட்டார்கள். இது திருத்தப்பட வேண்டிய குறை.

பழைய கல்கத்தா நூல்களில் இந்த நிகழ்ச்சி வேறுவிதமாக நினைவுகூரப்படுகிறது. பிரவுன்லோ என்ற ஆங்கிலேயர் தன் பல்லக்கின் தண்டுகளைக் கழற்றி, கீழே நான்கு சக்கரம் பூட்டி, முன்னால் ஒரு மட்டக்குதிரையைக் கட்டினார். 'பிரவுன்பெரி' என்று பெயர் பெற்ற அந்த வண்டி ஊரெங்கும் பரவியது. தூக்கிகளின் பிடிவாதத்தை ஒருவரின் சமயோசிதம் வென்றது என்பதே கதையின் சாரம்.

இந்தக் கதையில் விடுபட்டது சாலை. அதே பல்லக்கில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு சக்கரம் பூட்டியிருந்தால் அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? 1827 என்பது லாட்டரிக் குழுவின் வேலை முழுவீச்சில் நடந்த காலம். தெருக்கள் அகன்று, நேராகி, கெட்டிப்பட்டுக்கொண்டிருந்த நகரத்தில்தான் சக்கரம் தோளுக்கு மாற்றாக முடிந்தது. இரண்டையும் நேரடியாக இணைக்கும் ஆவணம் எதையும் சான்றாக வைக்கவில்லை. இது காலப் பொருத்தத்திலிருந்து பெறும் ஊகம். ஆனால் ஒரு மனிதரின் புத்திக்கூர்மையை மட்டும் காரணமாக்குவதைவிட இது வலுவான விளக்கம். சீட்டுப் பணம் சாலையானது, சாலை குதிரையை வரவழைத்தது, குதிரை வந்ததும் பேரம் பேசும் வலிமை தூக்கிகளின் கையைவிட்டுப் போனது.

நெடுஞ்சாலையிலும் இதே மாற்றம் சற்றுப் பின்னர் நிகழ்ந்தது. 1840களிலிருந்து கிராண்ட் டிரங்க் சாலையில் தபால் வண்டி எனப்பட்ட கோச்சு வண்டிகள் ஓடத் தொடங்கின. அந்த வண்டியின் உடலும் பல்லக்கின் உடல்தான். இருக்கைகளுக்கு நடுவே பலகை போட்டு மெத்தை விரித்துப் பயணி உறங்கலாம். ஐந்தாறு மைலுக்கு ஒருமுறை குதிரை மாறும். புறப்பட மறுக்கும் குதிரையின் காலில் கயிறு கட்டி இழுப்பதும், பின்னாலிருந்து வண்டியைத் தள்ளுவதும் லாயக்காரர்களின் வேலை. 1855இல் ஹௌராவிலிருந்து ராணிகஞ்ச் வரை ரயில் வந்த பிறகு, ரயில் முடியும் இடத்திலிருந்து மேற்கே செல்வோர் இவ்வண்டிகளையே நம்பினார்கள்.

5. மைதானத்துக் குதிரைகள்

கல்கத்தாவில் பந்தயம் 1769இல் நகருக்குத் தெற்கே அக்ரா என்னும் இடத்தில் தொடங்கியதாகப் பதிவுண்டு. மைதானத்தின் பந்தயத்திடல் 1820இல் அமைந்தது. கல்கத்தா டர்ஃப் கிளப் 1847இல் நிறுவப்பட்டது. சென்னையில் கிண்டிப் பந்தயம் 1777இல் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. ஹைதர் அலியுடனான போர் அதை இடையில் நிறுத்தியது.

தொடக்கக் காலப் பந்தயங்கள் குளிர்காலத்தில், அதிகாலையில் நடந்தன. ஓடியவற்றில் அரபுக் குதிரைகள் சிறப்பிடம் பெற்றன. 1842இல் ஏற்பட்ட கல்கத்தா டெர்பியே அரபுக் குதிரைகளுக்கானது. 1830களிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் வரத் தொடங்கின. சென்னையில் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல்கள் கடலில் நிற்க, அலைகளைக் கடந்து குதிரைகளைக் கரைசேர்த்தார்கள். சுற்றிலும் கட்டுமரங்களும் மசூலாப் படகும் நிற்க ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னையில் இறக்கப்படும் காட்சியை ஜே. பி. ஈஸ்ட் 1834இல் ஓவியமாக்கியிருக்கிறார். படைக்கும் வண்டிக்கும் பந்தயத்துக்கும் குதிரை வழங்கிய ஒரே வணிகத்தின் தென்முனை, தமிழ்க் கடலோடிகளின் கைத்திறனை நம்பி இருந்தது.

பந்தயத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட நியாயம், அது நல்ல குதிரை இனத்தை வளர்க்கும், படைக்கு உதவும் என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் இந்த நியாயம் குதிரை ஓட்டத்துக்குப் பொருந்துமே தவிர, அதன்மேல் கட்டும் பணத்துக்குப் பொருந்தாது. பந்தயமும் லாட்டரியும் ஒன்றான வடிவத்தைக் கல்கத்தா டர்ஃப் கிளப்பே நடத்தியது. இங்கிலாந்தின் எப்சம் டெர்பி ஓட்டத்தை ஒட்டிய 'டெர்பி ஸ்வீப்'பில் சீட்டு வாங்கியவருக்குக் குதிரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. குலுக்கலில் எந்தக் குதிரை விழுகிறதோ அதுவே அவருடையது. குதிரையறிவுக்கு அதில் வேலையே இல்லை. அது முழுமையான பரிசுச் சீட்டு. 1930களில் அது உலகின் மிகப் பெரிய பரிசுக் குலுக்கல்களில் ஒன்றாக விளங்கியது.

6. சட்டம் விட்டுவைத்த கதவு

இப்போது சட்டங்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். லாட்டரிக் குழு முடிந்து எட்டாண்டுகளில், 1844ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அரசு அனுமதி பெறாத லாட்டரிகளைத் தடைசெய்தது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294-அ பிரிவு சேர்க்கப்பட்டு, அனுமதியில்லா லாட்டரி அலுவலகம் நடத்துவது குற்றமாயிற்று. இரண்டிலும் தீர்மானிக்கும் சொல் 'அனுமதி'. லாட்டரியை முழுவதுமாகச் சட்டம் தடைசெய்யவில்லை. அரசைக் கேட்காமல் நடத்துவது தீயது என்றது.

பந்தயப் பணத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. 1840களில் கல்கத்தாவில் அரசு நடத்திய அபின் ஏலத்தின் விலையை வைத்து வணிகர்கள் பந்தயம் கட்டினார்கள். அந்தப் பந்தயம் செல்லும் என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த 1848ஆம் ஆண்டே, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்று இருபத்தொன்றாம் சட்டம் வந்தது. அபினை விற்ற அரசு, அபின் விலைமேல் வைத்த பந்தயத்தை மட்டும் ஏற்க மறுத்தது. 1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டம் முப்பதாம் பிரிவு அதே விதியை மீண்டும் நிறுவி, கூடவே ஒரு விதிவிலக்கையும் எழுதியது: குதிரைப் பந்தயத்தில் வென்றவருக்கு வழங்கும் 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்காகச் சந்தா செலுத்துவதோ அதற்கு ஒப்பந்தம் செய்வதோ சட்டவிரோதம் ஆகாது.

இந்த 500 ரூபாய் வரம்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1872இல் அது ஒரு சாதாரண உழைப்பாளி ஆண்டுக்கணக்கில் ஈட்ட முடியாத தொகை. குதிரைப் பந்தயம் என்ற வகை முழுவதற்கும் அல்லாமல், பெரும்பணக்காரர்களின் குதிரைப் பந்தயத்துக்கே சட்டம் கதவைத் திறந்து வைத்தது. கிராமத்துச் சந்தையில் பத்து ரூபாய்ப் பரிசுக்கு ஓடும் குதிரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மழைச் சூதுக்கு எதிராகப் பம்பாய் 1890இலேயே தன் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தியது; வங்காளம் 1897இல் பின்தொடர்ந்தது. மழையைக் கணிப்பவர் மேகத்தையும் காற்றையும் பருவத்தையும் படிக்கிறார். குதிரையைக் கணிப்பவர் அதன் வம்சத்தையும் எடையையும் முந்தைய ஓட்டங்களையும் படிக்கிறார். டெர்பி ஸ்வீப் வாங்குபவர் எதையும் படிப்பதில்லை. திறமையே அளவுகோல் என்றால் மூன்றில் முதலில் தடைசெய்யப்பட வேண்டியது ஸ்வீப்தான். அது நடக்கவில்லை.

7. எதிர்ச் சான்றுகள்

இதையெல்லாம் வெள்ளையருக்கு ஒரு நீதி, இந்தியருக்கு ஒரு நீதி என்று சுருக்கிவிடலாமா? தரவுகள் அதற்கு முழுமையாக இடம்தரவில்லை. லாட்டரிச் சீட்டை இந்தியர்களும் வாங்கினார்கள். பந்தயக் குதிரை உடைமையாளர்களில் சமஸ்தான மன்னர்களும், கல்கத்தாவின் கால்ஸ்டான் போன்ற ஆர்மீனியச் செல்வர்களும் இருந்தார்கள். ஆங்கிலேயருக்குள்ளேயே வெல்லெஸ்லி போன்றோரின் எதிர்ப்பும், 1836இல் லாட்டரியை நிறுத்தவைத்த ஒழுக்கவாதிகளின் குரலும் உண்மையானவை. அவற்றை வெறும் பாசாங்கு என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

எல்லைக்கோடு நிறத்தின்மேல் மட்டும் வரையப்படவில்லை. பணம் யாருடைய பேரேட்டில் பதிவாகிறது, யாருடைய திடலில் கைமாறுகிறது என்பதன்மேல் வரையப்பட்டது. புர்ராபஜாரின் கூரைத் தூம்புக்கு உரிமம் கிடையாது, உறுப்பினர் பட்டியல் கிடையாது, ஆளுநர் வந்து கோப்பை வழங்குவதில்லை. அங்கே பணம் அரசின் பார்வைக்கு வெளியே சுழன்றது. பிர்லாவின் வாசிப்போடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் லாட்டரிக் குழுவின் வரலாற்றையும் சேர்த்தால், அரசு இந்திய வணிகரின் ஊகத்தைக் கட்டுப்படுத்துவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தானே அந்தத் தொழிலை நடத்தி, அதன் லாபத்தை அறிந்திருந்தது என்பதும் தெரியவருகிறது. தடைச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்தது அறியாமையோ அருவருப்போ மட்டுமல்ல, அனுபவமும்தான்.

8. சென்னையில் எஞ்சியது

இந்தப் பாகுபாடுகள் 1947உடன் மறையவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் முப்பதாம் பிரிவு அதன் 500 ரூபாய் விதிவிலக்கோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. தமிழகத்தில் 1968இல் அண்ணா அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வரி போடாமல் நலப்பணிக்கு நிதி திரட்டும் வழியாக அது முன்வைக்கப்பட்டது. 1974இல் குதிரைப் பந்தயத்தின்மேல் பணம் கட்டுவதைத் தடைசெய்யச் சட்டம் இயற்றப்பட்டது. 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை மேலோங்கிய விளையாட்டு, ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்து, கையகப்படுத்தும் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 2003இல் தமிழக அரசு லாட்டரி விற்பனையைத் தடைசெய்தது.

1996 தீர்ப்பின் வாதம் குதிரையின் தகுதி, ஜாக்கியின் திறன், பந்தயம் கட்டுபவரின் அறிவு ஆகியவற்றின் மேல் நிற்கிறது. திடலில் ஓடுவதற்கு அது பொருந்தக்கூடும். கிண்டியில் சம்பளத்தைக் கட்டித் தோற்றுத் திரும்பிய ஆயிரக்கணக்கான மனிதர்களில் எத்தனைபேருக்குக் குதிரையின் வம்சமும் எடையும் தெரிந்திருக்கும் என்று கேட்டால் விடை வேறாகும். 1897இல் மழை வணிகர்களிடம் இதே திறமைக் கேள்வியை எவரேனும் எழுப்பியிருந்தால், புர்ராபஜாரின் கூரைகளுக்கும் மைதானத்தின் திடலுக்கும் ஒரே விதி எழுத வேண்டி வந்திருக்கும்.